பணியிட மின்னஞ்சல் சிக்கல்கள்

பணியிட மின்னஞ்சல் சிக்கல்கள் என்பவை அலுவலகம், பள்ளி, வங்கி, தொழிற்சாலை போன்ற இடங்களில் பயன்படும் மின்னஞ்சலிலும், அதனோடு சேர்ந்த கூட்டுப்பணி மென்பொருள்களிலும் அன்றாடம் எழும் தடைகள் ஆகும். அனுப்பிய மடல் போய்ச் சேராமை, திரும்பி வருதல், இணைப்புக் கோப்பு திறக்காமை, தமிழ் எழுத்துகள் சிதைதல், பகிர்ந்த ஆவணத்தை மற்றவர் பார்க்க இயலாமை, ஒருவருக்கு எழுதியது அலுவலகம் முழுவதற்கும் போய்விடுதல் ஆகியவை இவற்றுள் அடிக்கடி நேர்பவை. இவற்றில் பெரும்பாலானவற்றைக் கணினி வல்லுநர் துணையின்றியே சரிசெய்ய முடியும். மடல் வழியில் எந்த இடத்தில் நின்றது என்பதைக் கண்டறிவதே முதல் வேலை. அதைக் கண்டறியாமல் அதே மடலை நான்கு முறை திரும்பத் திரும்ப அனுப்புவதால் பயன் இல்லை.

மடல் செல்லும் வழி

வலையமைப்பு வழியாக ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு மடல் அனுப்பும் முறையை அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன் 1971-இல் உருவாக்கினார். பயனரின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க '@' என்னும் குறியைத் தேர்ந்தவரும் அவரே. மடல்களைக் கைமாற்றுவதற்கான எஸ்.எம்.டி.பி. என்னும் நெறிமுறையை ஜான் போஸ்டல் 1982-இல் எழுதி வெளியிட்டார். பலமுறை திருத்தப்பட்டாலும் இன்றைய மின்னஞ்சல் அந்த நெறிமுறையின் மீதே ஓடுகிறது.

இதன் அமைப்பு தபால் துறையின் அமைப்பைப் பெரிதும் ஒத்தது. எழுதுபவர் 'அனுப்பு' பொத்தானை அழுத்தியதும் மடல் நேரே பெறுநரின் கணினிக்குப் போவதில்லை. முதலில் அவருடைய நிறுவனத்தின் வழங்கிக்குப் போகிறது. அந்த வழங்கி, முகவரியில் '@' குறிக்குப் பின் உள்ள களப்பெயரைப் பார்த்து, அந்தக் களத்துக்கு மடல் வாங்கும் வழங்கி எது என்று இணையத்தில் விசாரிக்கிறது. பின்பு அதனிடம் மடலை ஒப்படைக்கிறது. வாங்கிய வழங்கி அதைச் சோதித்து, பெறுநரின் உள்பெட்டியிலோ குப்பை அஞ்சல் பெட்டியிலோ வைக்கிறது. கடைசியாகப் பெறுநரின் கணினியோ கைபேசியோ அங்கிருந்து அதை எடுத்துக் காட்டுகிறது.

'அனுப்பியவை' பெட்டியில் மடல் தெரிகிறது என்றால், அது அனுப்புநரின் வழங்கியிடம் ஒப்படைக்கப்பட்டது என்று மட்டுமே பொருள். தெருமுனைத் தபால் பெட்டியில் கடிதத்தைப் போட்டதற்கு அது சமம். "நான் அனுப்பிவிட்டேன், இதோ பாருங்கள்" என்று அந்தப் பெட்டியைக் காட்டி வாதிடுபவரும், "எனக்கு வரவே இல்லை" என்று சொல்பவரும் ஒரே நேரத்தில் உண்மை பேசுபவர்களாக இருக்கலாம். அலுவலகங்களில் மின்னஞ்சலால் வரும் மனக்கசப்புகளில் பல இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

முதல் சோதனை

சிக்கல் பயனரின் கருவியில் உள்ளதா, வழங்கியில் உள்ளதா என்று பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. அவுட்லுக், தண்டர்பேர்ட் போன்ற செயலியை மூடிவிட்டு, உலாவி வழியாக அதே கணக்கில் நுழைந்து பார்க்க வேண்டும். உலாவியில் எல்லாம் சரியாக இருந்தால் கோளாறு அந்தக் கணினியிலோ கைபேசியிலோதான் இருக்கிறது. உலாவியிலும் அதே தொல்லை என்றால் கணக்கிலோ வழங்கியிலோ உள்ளது. அடுத்ததாகத் தனக்குத்தானே ஒரு மடலும், வேறு நிறுவன முகவரி ஒன்றுக்கு ஒரு மடலும் அனுப்பலாம். முதலாவது சேர்ந்து இரண்டாவது சேரவில்லையென்றால் உள்வழி சரியாக உள்ளது, வெளிவழியில் அடைப்பு என்று கொள்ளலாம். இந்தச் சில நிமிடச் சோதனையைச் செய்துவிட்டுத் தொழில்நுட்பப் பிரிவினரை அழைத்தால் அவர்களுடைய வேலையும் விரைவில் முடியும்.

புறப்படாமல் நிற்கும் மடல்

'வெளிச்செல்லும் பெட்டி' வேறு, 'அனுப்பியவை' வேறு. முன்னதில் மடல் தங்கியிருந்தால் அது இன்னும் கணினியை விட்டே போகவில்லை. இணைய இணைப்பு இல்லாமை, இணைப்புக் கோப்பு மிகப் பெரிதாக இருத்தல், அவுட்லுக்கில் 'இணைப்பின்றிப் பணிசெய்' என்னும் பொத்தான் தவறுதலாக அழுத்தப்பட்டிருத்தல் ஆகியவை வழக்கமான காரணங்கள். கடைசியாகச் சொன்னது அற்பமாகத் தோன்றினாலும் பலருடைய அரை நாளை விழுங்கியிருக்கிறது.

கணினியின் தேதியும் நேரமும் தவறாக இருந்தாலும் மின்னஞ்சல் நின்றுபோகும். பாதுகாப்பான இணைப்பு ஒவ்வொன்றும் காலவரையறை கொண்ட சான்றிதழை நம்பியிருக்கிறது. கணினி தன்னைச் சில ஆண்டுகள் முன்னால் இருப்பதாக எண்ணிக்கொண்டால் எல்லாச் சான்றிதழும் செல்லாது என்று சொல்லிவிடும். பழைய மேசைக்கணினிகளில் உள்ளிருக்கும் சிறு மின்கலம் தீர்ந்துபோவதால் இது நேர்கிறது.

கடவுச்சொல்லை மாற்றிய பிறகு கணக்கு அடிக்கடி பூட்டப்படுவது இன்னொரு புதிர். பயனர் கணினியில் புதிய கடவுச்சொல்லைக் கொடுத்திருப்பார். பையில் உள்ள கைபேசியோ பழைய கடவுச்சொல்லைக் கொண்டு சில நிமிடங்களுக்கு ஒருமுறை கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். பலமுறை தவறான கடவுச்சொல் வருவதைக் கண்ட வழங்கி, யாரோ திருட முயல்கிறார்கள் என்று கருதிக் கணக்கைப் பூட்டிவிடும். எனவே கடவுச்சொல்லை மாற்றியவுடன் அந்தக் கணக்கு உள்ள எல்லாக் கருவிகளிலும் மாற்ற வேண்டும். வீட்டில் பிள்ளைகள் பயன்படுத்தும் பழைய கைபேசியில் கணக்கு இன்னும் இருக்கிறதா என்றும் பார்ப்பது நல்லது.

அலுவலகக் கணினியில் இருக்கும் மடல் கைபேசியில் இல்லை என்றால், கணினி 'பாப்' முறையில் அமைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாப் முறை பெரும்பாலும் மடலை வழங்கியிலிருந்து இறக்கிக்கொண்டு அங்கிருப்பதை அழித்துவிடும். 'ஐமேப்' முறையில் மடல் வழங்கியிலேயே இருக்க, எல்லாக் கருவிகளும் அதையே பார்க்கும்.

திரும்பி வந்த மடல்

சேர்க்க முடியாத மடலைப் பற்றி வழங்கி ஓர் அறிவிப்பை அனுப்பும். 'மெய்லர் டீமன்' என்ற பெயரில் வரும் இந்த அறிவிப்பைப் பலர் வைரசு என்று எண்ணி அழித்துவிடுகின்றனர். உண்மையில் சிக்கலின் விடை பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கிறது. நீண்ட ஆங்கில வரிகளுக்கு நடுவே மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். அதன் முதல் இலக்கத்தைப் பார்த்தாலே போதும். 4 என்று தொடங்கினால் தற்காலிகத் தடை. அனுப்பும் வழங்கி தானாகவே மீண்டும் மீண்டும் முயலும். நெறிமுறையின்படி கைவிடுவதற்கு முன் 4 அல்லது 5 நாள்களாவது முயல வேண்டும். 5 என்று தொடங்கினால் நிரந்தர மறுப்பு. எதையாவது மாற்றாமல் மறுபடி அனுப்புவது வீண்.

அதனை அடுத்துப் புள்ளிகளுடன் வரும் எண் காரணத்தைச் சொல்கிறது. 5.1.1 என்றால் அப்படியொரு முகவரியே இல்லை. எழுத்துப்பிழை இருக்கலாம், அல்லது அவர் பணியை விட்டுப் போயிருக்கலாம். 5.2.2 என்றால் பெறுநரின் பெட்டி நிறைந்துவிட்டது. 5.7.1 என்றால் கொள்கை அடிப்படையில் மறுக்கப்பட்டது. அதாவது வெளியார் எழுதக் கூடாத குழு முகவரிக்கு எழுதியிருக்கலாம், அல்லது அனுப்புநரின் களத்தின் மீது ஐயம் எழுந்திருக்கலாம். 'பெட்டி நிறைந்தது' என்பது கூகுள் கணக்குகளில் சற்று விந்தையாக நேரும். இலவசமாகத் தரப்படும் 15 ஜிகாபைட் இடம் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் பொதுவானது. எனவே திருமண ஒளிப்படங்களைப் பதிவேற்றியவருக்கு வேலை தொடர்பான மடல் வராமல் நின்றுபோகலாம்.

ஜிமெயில் முகவரியில் '@' குறிக்கு முன் வரும் புள்ளிகளைக் கூகுள் கணக்கில் கொள்வதில்லை. புள்ளி வைத்தாலும் விட்டாலும் ஒரே பெட்டிக்குத்தான் போகும். இதைப் பழகியவர்கள் நிறுவன முகவரிகளிலும் அலட்சியமாகப் புள்ளியை விட்டுவிடுகின்றனர். பெரும்பாலான நிறுவன வழங்கிகளுக்கு அது வேறு முகவரி.

அனுப்பாத மடல்களுக்குத் திருப்பி அறிவிப்புகள் வந்து குவிந்தால் அதைச் சும்மா விடக் கூடாது. வேறு யாரோ அந்த முகவரியைப் பொய்யாகப் போட்டு அனுப்புகிறார்கள், அல்லது கணக்கே களவு போயிருக்கிறது. 'அனுப்பியவை' பெட்டியில் அறியாத மடல்கள் இருந்தால் இரண்டாவது காரணமே என்று கொண்டு கடவுச்சொல்லை உடனே மாற்ற வேண்டும். ஆனால் திருடன் தடயத்தை அழித்திருக்கவும் கூடும் என்பதால் பெட்டி சுத்தமாக இருப்பதை மட்டும் வைத்து நிம்மதி கொள்ள முடியாது.

குப்பை அஞ்சலில் விழுதல்

திரும்பியும் வரவில்லை, பெறுநரும் காணவில்லை என்றால் மடல் பெரும்பாலும் எரிதம் எனப்படும் குப்பை அஞ்சல் பெட்டியில் கிடக்கும். நேர்காணல் அழைப்பு, கல்லூரிச் சேர்க்கைக் கடிதம், கல்வி உதவித்தொகை அறிவிப்பு போன்றவை புதிய முகவரியிலிருந்து ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பப்படுவதால் இதில் எளிதாக விழுகின்றன. ஜிமெயிலில் இந்தப் பெட்டியில் உள்ளவை 30 நாள்களில் தாமாக அழிந்துவிடும். விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர் இரண்டு நாளைக்கு ஒருமுறையாவது இதைத் திறந்து பார்க்க வேண்டும். ஜிமெயிலின் 'விளம்பரங்கள்' தாவல், அவுட்லுக்கின் 'மற்றவை' தாவல் ஆகியவற்றையும் விடக் கூடாது. தவறாக விழுந்ததை நகர்த்துவதோடு நில்லாமல் 'குப்பை அல்ல' என்று குறிப்பதே சரி. அப்போதுதான் வடிகட்டி கற்றுக்கொள்ளும்.

அனுப்பும் நிறுவனத்தின் பக்கத்திலும் ஒரு கடமை உண்டு. 1982-இன் நெறிமுறையில் அனுப்புநர் தன் பெயரை எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். உறையின் பின்புறம் யாருடைய பெயரையும் எழுதித் தபாலில் போட முடிவதைப் போன்றதுதான் இது. இந்த ஓட்டையை அடைக்கப் பிற்காலத்தில் மூன்று ஏற்பாடுகள் வந்தன. எந்தெந்த வழங்கிகள் இந்தக் களத்தின் பெயரால் அனுப்பலாம் என்று அறிவிப்பது எஸ்.பி.எஃப். மடலில் மின்னணு முத்திரை இடுவது டி.கே.ஐ.எம். இந்த இரண்டிலும் தேறாத மடலை என்ன செய்வது என்று சொல்வது டிமார்க். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் மொத்தமாக மடல் அனுப்புவோருக்கு இவற்றைக் கட்டாயமாக்கின. கூகுளின் கணக்கில் ஒரு நாளில் 5,000 அல்லது அதற்கு மேல் அனுப்புபவர் மொத்த அனுப்புநர். சிறு நிறுவனங்கள் சொந்தக் களப்பெயர் வாங்கி மின்னஞ்சலைத் தொடங்கிய பின் இந்த மூன்றையும் அமைக்க மறந்துவிடுகின்றன. அவர்களுடைய விலைப்பட்டியல்கள் வாடிக்கையாளரின் குப்பைப் பெட்டியில் சேர்வதற்கு இதுவே பெரிய காரணம்.

இணைப்புக் கோப்புகள்

தொடக்கத்தில் மின்னஞ்சல் எளிய ஆங்கில எழுத்துகளை மட்டுமே சுமந்தது. படம், ஒலி, பிறமொழி எழுத்து ஆகியவற்றையும் அனுப்ப வழிசெய்தது 1992-இல் நதானியேல் போரன்சுடீனும் நெட் ஃபிரீடும் வகுத்த 'மைம்' என்னும் முறை. அதன்படி ஒரு கோப்பு எழுத்துகளாக மாற்றிக் கட்டப்பட்டே வழியில் செல்கிறது. மூன்று பைட்டுகள் நான்கு எழுத்துகளாவதால் அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். 10 மெகாபைட் வரை ஏற்கும் வழங்கி, 8 மெகாபைட் கோப்பைத் 'பெரிது' என்று திருப்பி அனுப்புவது இதனால்தான். ஜிமெயிலில் எல்லை 25 மெகாபைட். அதற்கு மேற்பட்டதைக் கூகுள் டிரைவில் வைத்து இணைப்பாக அனுப்பும். ஒரு ஆவணம் பெரிதாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் கைபேசியில் எடுத்த படங்களே. படங்களைச் சுருக்கிய பின் பி.டி.எஃப். ஆக மாற்றினால் பெரும்பாலும் எல்லைக்குள் வந்துவிடும்.

பெறுநருக்கு உரிய கோப்பு வராமல் 'வின்மெயில்' என்ற பெயரில் திறக்க முடியாத ஒன்று வந்தால், அனுப்பியவர் அவுட்லுக்கில் 'ரிச் டெக்ஸ்ட்' வடிவத்தில் எழுதியிருக்கிறார் என்று பொருள். அவர் எச்.டி.எம்.எல். வடிவத்துக்கு மாற்றி மீண்டும் அனுப்பினால் போதும். பெறுநர் பக்கத்தில் எந்தக் குறையும் இல்லை.

தமிழ் எழுத்து சிதைதல்

தமிழில் அலுவல் மடல் எழுதுவோருக்கு இரண்டு வகைச் சிதைவு நேர்கிறது. இரண்டுக்கும் மருந்து வெவ்வேறு.

முதல் வகையில் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தெரியும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டெழுதிய ஆவணம் இது. அவற்றில் கணினியைப் பொறுத்தவரை இருப்பது ஆங்கில எழுத்தே. எழுத்துரு அதற்குத் தமிழ் வடிவம் கொடுத்துக் காட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேடம் கலைந்துவிடும். ஒருங்குறி மாற்றி ஒன்றில் இட்டு மாற்றிய பிறகே அனுப்ப வேண்டும். வாசிக்க மட்டும் அனுப்புவதானால் எழுத்துருவை உள்ளடக்கிய பி.டி.எஃப். போதும். 1991-இல் வந்த ஒருங்குறியின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் உண்டு. தமிழ்நாடு அரசும் 2010-இல் ஒருங்குறியை ஏற்றது. இருந்தும் அச்சகங்கள், பழைய அலுவலகங்கள் பலவற்றில் பழைய எழுத்துரு ஆவணங்கள் இன்னும் புழங்குகின்றன. பெறுநர் அந்த எழுத்துருவை நிறுவிக்கொள்வது அன்றைய வேலைக்கு மட்டுமே உதவும். தேடினால் கிடைக்காத ஆவணமாகவே அது நீடிக்கும்.

இரண்டாம் வகையில் தலையில் கோடும் புள்ளியும் கொண்ட ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாகத் தெரியும். இங்கே எழுதியவர் ஒருங்குறியில்தான் எழுதியிருக்கிறார். யு.டி.எஃப்.-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாகச் செல்கிறது. வாங்கும் மென்பொருள் அந்த மூன்றையும் தனித்தனி எழுத்தாக எண்ணிவிட்டது. உலாவியில் திறந்து பார்த்தால் பெரும்பாலும் சரியாகத் தெரியும். பெயர்ப்பட்டியல்களைக் காற்புள்ளியால் பிரித்த கோப்பாக இறக்கி எக்செல்லில் நேரடியாகத் திறக்கும்போது இச்சிதைவு மிகுதி. நேரே திறக்காமல், எக்செல்லில் 'தரவு' பட்டி வழியாக இறக்குமதி செய்து, யு.டி.எஃப்.-8 என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சிதைந்த நிலையில் சேமித்துவிட்டால் மீட்பது கடினம்.

அனைவருக்கும் பதில்

1997 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் ஏறத்தாழ 13,000 பேர் அடங்கிய ஒரு குழுப் பட்டியலில் தம் பெயர் இருப்பதைக் கண்ட ஊழியர் ஒருவர், தன்னை நீக்குமாறு அந்தப் பட்டியலுக்கே எழுதினார். "என்னையும் நீக்குங்கள்" என்று பலர் அனைவருக்கும் பதில் எழுத, ஒரு மணி நேரத்தில் சுமார் 1.5 கோடி மடல்கள் பெருகி வழங்கிகள் திணறின. மின்னஞ்சல் மென்பொருளை உருவாக்கிய நிறுவனத்திலேயே நேர்ந்தது இது. 2016 நவம்பர் 14 அன்று இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவையில் ஒரு சோதனை மடல் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட பணியாளர்களுக்குப் போய், அதே கதை மீண்டும் நடந்தது. இத்தகைய வெள்ளத்தின்போது "யாரும் பதில் எழுதாதீர்கள்" என்று அனைவருக்கும் எழுதுவதும் வெள்ளத்தில் ஒரு குடம் ஊற்றுவதே. வாய் திறவாமல் இருப்பதும், அந்த உரையாடலை ஒலிதடுப்பு செய்வதும் உதவும்.

பலருக்கு அறிவிப்பு அனுப்புபவர் முகவரிகளை மறைநகல் கட்டத்தில் இட்டால் இந்த விபத்து நேராது. ஒருவருடைய முகவரி மற்றவருக்குத் தெரியாமலும் காக்கப்படும். பெற்றோர், நோயாளிகள், வேலை தேடுவோர் ஆகியோருக்கு எழுதும்போது இது மரியாதை சார்ந்தது மட்டுமன்று, அவர்களுடைய அந்தரங்கம் சார்ந்தது. மடலை எழுதி, கோப்பை இணைத்து, படித்துப் பார்த்த பிறகு கடைசியாகப் பெறுநர் முகவரியை இடும் பழக்கம் பல தவறுகளைத் தடுக்கும். ஜிமெயிலில் 'அனுப்பியதை ரத்துசெய்' வசதியை அதிகபட்சமாக 30 விநாடிகளுக்கு நீட்டலாம். அவுட்லுக்கின் 'திரும்பப் பெறு' வசதி ஒரே நிறுவனத்துக்குள் மட்டுமே பயன்படும். வெளியே போன மடலை அதனால் இழுக்க முடியாது.

பகிர்ந்த ஆவணங்கள்

கூகுள் டாக்ஸ், மைக்ரோசாஃப்ட் 365 போன்றவற்றில் ஆவணம் மடலோடு போவதில்லை. ஒரே இடத்தில் இருக்கிறது, அதற்கான இணைப்பு மட்டும் போகிறது. "அனுமதி இல்லை" என்று வந்தால், அனுப்பியவர் உரிமை வழங்காதது ஒரு காரணம். உலாவியில் சொந்தக் கணக்கு, அலுவலகக் கணக்கு இரண்டும் திறந்திருக்க, தவறான கணக்கில் இணைப்பைத் திறப்பது அதைவிட அடிக்கடி நேரும் காரணம். மறைநிலைச் சாளரத்தில் அலுவலகக் கணக்கில் மட்டும் நுழைந்து பார்த்தால் தெளிவாகிவிடும். 'இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்' என்று பொதுவாகத் திறந்துவிடுவது விரைவான தீர்வாகத் தோன்றும். சம்பளப் பட்டியலுக்கோ மதிப்பெண் பட்டியலுக்கோ அது பொருந்தாது.

யாரோ ஒருவர் பத்திகளை அழித்துவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை. 'பதிப்பு வரலாறு' வழியாக முந்தைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் ஆவணத்துக்கு உரியவர் பணியை விட்டுப் போய், அவருடைய கணக்கு நீக்கப்பட்டால், பல ஆண்டு உழைப்பும் அதோடு போகக்கூடும். ஒருவர் விடைபெறுமுன் அவருடைய ஆவணங்களின் உரிமையை வேறொருவருக்கு மாற்றுவது சாவிக்கொத்தை வாங்கிக்கொள்வதைப் போன்ற அவசியம்.

இணையவழிக் கூட்டங்களில் ஒலி வராவிட்டால், உலாவிக்கு ஒலிவாங்கி அனுமதி தரப்பட்டுள்ளதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். செயலி முரண்டு பிடித்தால் உலாவி வழியாகச் சேரலாம். வெளிநாட்டினருடன் கூட்டம் வைப்போர் நாட்காட்டி அழைப்பே அனுப்புவது நல்லது. இலண்டனில் காலை 10.30-க்கு நடக்கும் கூட்டம் கோடையில் இந்திய நேரம் பிற்பகல் 3 மணிக்கு வரும். அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரம் திருத்தப்பட்ட பின் அது 4 மணியாகும். நாட்காட்டி இதைத் தானே கணக்கிடும்.

பணம் கேட்கும் மடல்

மேற்கண்ட தொல்லைகளால் நேரம் வீணாகும். இதில் பணமே போகும். வழக்கமாகப் பொருள் வழங்கும் நிறுவனத்தின் பெயரிலோ மேலதிகாரியின் பெயரிலோ, "வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனிப் புதிய கணக்கில் செலுத்துங்கள்" என்று மடல் வரும். 2013 முதல் 2015 வரை லிதுவேனியாவைச் சேர்ந்த ஒருவர், தைவானின் ஒரு கணினி உற்பத்தி நிறுவனத்தின் பெயரைப் பயன்படுத்தி, கூகுள், ஃபேஸ்புக் ஆகிய இரு நிறுவனங்களிடமிருந்தே 10 கோடி டாலருக்கும் மேல் பறித்தார். 2019-இல் அமெரிக்க நீதிமன்றம் அவருக்கு 5 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. அவர் பயன்படுத்தியவை பொய் விலைப்பட்டியல்களும் பொய் மின்னஞ்சல்களுமே.

இத்தகைய மடலில் தெரியும் பெயரை நம்பாமல், பெயரைத் தொட்டு முழு முகவரியைப் பார்க்க வேண்டும். களப்பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும், அல்லது பதில் போகும் முகவரி வேறாக இருக்கும். முகவரி சரியாகவே இருந்தாலும் அந்தக் கணக்கு களவு போயிருக்கலாம். ஆதலால் வங்கிக் கணக்கு மாற்றம் எதையும், மடலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, முன்பே தெரிந்த தொலைபேசி எண்ணில் அழைத்துக் கேட்ட பிறகே ஏற்க வேண்டும். இந்தியாவில் பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைத்துப் புகார் செய்யலாம். எவ்வளவு விரைவில் அழைக்கிறார்களோ அவ்வளவுக்குப் பணத்தை இடைவழியில் முடக்க வாய்ப்பு உண்டு.

களவு போன கணக்கில் கடவுச்சொல்லை மாற்றினால் மட்டும் போதாது. திருடர்கள் அமைப்புகளுக்குள் சென்று, 'வங்கி', 'விலைப்பட்டியல்' போன்ற சொற்கள் உள்ள மடல்களைத் தமக்கு அனுப்பிவிட்டு உரியவர் கண்ணில் படாமல் மறைக்கும் விதியொன்றை எழுதி வைத்திருப்பார்கள். கடவுச்சொல் மாறிய பின்னும் அந்த விதி வேலை செய்துகொண்டிருக்கும். ஜிமெயிலில் 'வடிப்பான்கள்', 'முன்னனுப்பல்' ஆகிய பகுதிகளிலும், அவுட்லுக்கில் 'விதிகள்' பகுதியிலும் தாம் எழுதாத எதுவும் இருந்தால் நீக்கிவிட்டு, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறி, இருபடிச் சரிபார்ப்பை இயக்கிய பிறகே மீண்டும் நுழைய வேண்டும்.